ஊசியோடு நூல்

இடுப்பு... மறுபடியும் அதே இடத்தில்தான், வால் எலும்புக்குச் சற்று மேலே, யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பது மாதிரி, எழுந்து நின்றால் கொஞ்சம் விடும், நிற்க ஏது நேரம், மணி மூன்றாகப் போகிறது, இன்று மார்ச் முப்பத்தொன்று, ஐந்து மணிக்குக் கருவூலத்தில் மூடிவிடுவார்கள், அதற்குள் இந்த அரசு மருத்துவமனையின் வருஷக் கணக்கை நேர்செய்து அனுப்ப வேண்டியவள் அலுவலகக் கண்காணிப்பாளர் ஏலவார்குழலி, வேறு நாதி கிடையாது. அம்மாவுக்கும் இதே இடத்தில்தான் வலித்தது, அவளுக்குச் செங்கல் தூக்கி வந்தது, இவளுக்கு உட்கார்ந்து வந்திருக்கிறது, படிச்சா இடுப்பு நோவாதுடி என்று சொல்லித்தானே சூளையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு விரட்டினாள்... தைலம் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றே. கட்டடப் பராமரிப்பு என்ற தலைப்பில் நாலு லட்சம் சும்மா கிடக்கிறது. உள்ளூரில் மருந்து வாங்கும் தலைப்பு பொங்கலோடு சுத்தம். ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடக் கூடாது, அது விதி, செலவழிக்காமல் ஐந்து மணி தாண்டினால் நாலு லட்சமும் அரசாங்கத்துக்கே திரும்பிப் போகும், உங்களுக்குத்தான் தேவைப்படலையே என்று அடுத்த வருஷம் வெட்டுவார்கள், அதுவும் விதி. சுவருக்கு வெள்ளையடிக்கலாம், சுவரோரம் படுத்திருப்பவனுக்குத் தையல் போட நூல் வாங்க முடியாது... இதை எழுதினவன் விரல் நசுங்கி ஒரு நாளாவது அவசரப் பிரிவு பெஞ்சில் உட்கார்ந்திருப்பானா?

அதனால்தான் அந்த பெயிண்ட் பில். எதிரே மெடிக்கல் வைத்திருக்கும் திருமலை இரண்டரை மாதமாகத் தையல் நூலும் கையுறையும் கடனாகவே கொடுத்தான், வாய் வார்த்தைதான், பாக்கியை எப்படி அடைப்பது, அவன் மச்சானுக்கு வல்லக்கோட்டை ரோட்டில் பெயிண்ட் கடை, அங்கிருந்து ஒரு பில் வாங்கிக் கட்டடத் தலைப்பில் போட்டு, அந்தப் பணத்தைத் திருமலைக்குத் தருவது என்று இவளேதான் சொன்னாள், தப்புதான், தப்பு என்று தெரிந்தேதான். அந்த மச்சான், நல்ல மனுஷன், போனில் திருமலை நூல் பாக்கி என்று புலம்பியதையும் காதில் வாங்கி, பெயிண்ட் பத்து வாளிக்குக் கீழே தனி வரியாக எழுதியிருக்கிறான், நூல் நாற்பது பாக்கெட். சரி, நூல்தானே, கொத்தனார் சுவருக்கு நூல் பிடிக்க மாட்டானா, போகட்டும் என்று இவளும் கையெழுத்துப் போட்டாள், பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை யார் பார்த்தது? கருவூலத்துத் தணிகாசலம் பார்த்தார். சற்றுமுன் போனில் அந்த ஆள் சிரித்த சிரிப்பு... "இன்னாம்மா, ஊசியோடன்னு போட்டுக்கீது? உங்க ஊர் கொத்தனார் செவுத்தத் தச்சித்தான் கட்டுவானா?" சார், கொஞ்சம் பாத்து... "நான் பாத்துட்டேன்மா, அதான் திருப்பி அனுப்பிட்டேன். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், துட்டு திரும்பிப் போனா ஒருத்தனும் கேக்க மாட்டான். இது ஆடிட்ல மாட்டுனா உன் பென்ஷன்தான் காலி." அவர் சொல்வதும் நியாயம்தான், அதுதான் வயிற்றெரிச்சல்.

பில் திரும்பிய சேதி அதற்குள் எதிர்க்கடைக்கும் போயிருக்க வேண்டும், நர்ஸ் மெர்சி மூச்சிரைக்க வந்து நின்றாள். "அக்கா, நூலு இல்ல. திருமலை அண்ணன் தர மாட்டேன்னுட்டாரு." உள்ளே ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி, ஒரகடம் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் லைனில் மூன்று விரலின் நரம்பு அறுந்து, பன்னிரண்டு மணியிலிருந்து கையைத் தூக்கிப் பிடித்தபடி படுத்திருக்கிறாள், செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் அங்கே முறை வர இரவாகிவிடும், இப்போதே தைத்தால்தான் விரல் மடங்கும் என்கிறார் டாக்டர். கூட்டிவந்த சூப்பர்வைசர் பாலாஜி இவள் மேசை முன்னால் நின்று வாட்ஸப் பார்த்துக்கொண்டே சொல்கிறான், "மேடம், அது கம்பெனி ரோல்ல இல்ல. கான்ட்ராக்ட் பொண்ணு. எங்க கணக்குல வராது." வராதுதான்... அவளும் வேறு தலைப்பு. அவன் முகத்தில் அறையலாம் போலிருந்தது, அப்புறம்தான் உறைத்தது, இதே வாக்கியத்தைத்தானே காலையிலிருந்து இவளும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இந்தக் கணக்கில் வராது, அந்தக் கணக்கில் வராது.

பையிலிருந்து ஆயிரம் ரூபாய் எடுத்துக்கொண்டு இடுப்பைப் பிடித்தபடி ரோட்டைக் கடந்து போனாள். திருமலை வாங்கிக்கொண்டான், நூல் தரவில்லை. "இத பழைய பாக்கியில வரவு வச்சிக்கறேன் மேடம். கோச்சிக்காதீங்க, எனக்கும் ஸ்டாக்கிஸ்ட் சரக்கு நிறுத்திட்டான்." அண்ணே, ஒரு பொண்ணு கை... "தெனம் ஒரு கைதான் மேடம் வருது இந்த ரோட்ல. நான் எத்தினி கைக்குத் தருவேன்?" சுங்குவார்சத்திரத்தில் வேறெந்தக் கடையிலும் இந்த நூல் கிடையாது, காஞ்சிபுரம் போய் வர ஆள் இல்லை, ஆள் போனால் ஐந்து மணிக்குள் வர முடியாது, ஐந்து மணி கணக்குக்கா விரலுக்கா... இரண்டும் சேர்ந்து குழம்பிவிட்டது இவளுக்கு. மறுபடி வந்து உட்கார்ந்தாள். செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது, செய்தாள், நாலு லட்சத்தையும் அரசுக்கே ஒப்படைப்பு என்று கணினியில் போட்டு அழுத்தினாள், ஒவ்வொரு தலைப்புக்கும் நேரே பூஜ்யம் வந்து நின்றது, மாவட்ட அலுவலகத்திலிருந்து உடனே போன், "நில் பேலன்ஸ்! வெரிகுட்மா, உங்க ஆஸ்பத்திரிதான் ஃபர்ஸ்ட்டு." தேங்க்ஸ் சார் என்றாள். தேங்க்ஸ் என்று எப்படி வந்தது வாயில்?

ஐந்தரைக்கு மெர்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "தைச்சாச்சுக்கா." எதுலடி தைச்சீங்க? "பிரசவ வார்டுக்குப் போயி ரெண்டு பாக்கெட் உருவிக்கினு வந்துட்டேன்." அது தாய்சேய் திட்டத்து நூலாச்சே. "இன்னா பண்றது, கையா திட்டமா? அந்த சிஸ்டர் காது கிழியக் கத்தறாங்க, இருந்ததே அந்த ரெண்டுதானாம், காலைல சிசேரியன் கீதாம்." விரல் மடங்குமா? "ரெண்டு மடங்கும்னாரு டாக்டரு. மூணாவது... லேட்டாயிருச்சாம்." பத்தடி வராந்தாவைக் கடந்து ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு எடுத்துப்போட்டுவிட்டாள் இந்தச் சின்னப் பெண், மூன்று மணிக்கே இவள் அந்த வார்டுப் பக்கம் போயிருந்தால்... ஏன் தோன்றவே இல்லை, விதிக்குப் பயந்தா, இல்லை, பயம்கூட இல்லை, அந்த வார்டு வேறு கணக்கு என்று காலே பழகிப்போய்விட்டது. விடிந்தால் புது வருஷம், புது ஒதுக்கீடு வர ஜூன் ஆகும், திரையில் இன்னும் பூஜ்யம்தான், யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்கிறது அது. காலைக்குள் பிரசவ வார்டுக்கு இரண்டு பாக்கெட் நூல் பாக்கி.