ஆரஞ்சு நட்சத்திரத்துக்கு ஒரு கிரகம்

1

இந்தக் கதை ஒரே ஒரு இலக்கத்தில் பிறந்தது. அரிசோனாவில் நான் வேலை பார்த்த வானாய்வகத்தில் லெனோரா ஒன்பது போடவேண்டிய இடத்தில் நான்கு போட்டாள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "நானூறு ஒளியாண்டுக்கு அப்பால், சூரியனைவிடப் பதினோரு மடங்கு பருத்த, ஆனாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு மங்கல் ஆரஞ்சு…" வேண்டாம். பாடப்புத்தகம்.

இரண்டாவது: "லெனோராவின் விரல்கள் நடுங்கி…"

இதுவும் வேண்டாம். நேரே சொல்கிறேன். அவளும் அவளோடு வேலை பார்த்த மூத்தவர் வெண்டலும் ஏழு வருடம் அந்த ஆரஞ்சு நட்சத்திரத்தை அளந்தார்கள். அது முன்னும் பின்னும் லேசாக ஆடியது. பக்கத்தில் கிரகம் இருந்து இழுத்தால் அப்படி ஆடும். ஒரு ஆட்டத்துக்கு 361 நாள். சரியாக 365 வந்திருந்தால் எங்களுக்கு மூக்கில் வியர்த்திருக்கும். நாலு நாள் குறைந்ததில் ஏமாந்தோம். கிரகம் கண்டுபிடித்ததை உலகுக்கு அறிவிக்க நாளும் குறித்தாயிற்று.

(வெண்டலை முதலில் பொறாமைக்காரராக எழுதினேன். பொய். முப்பத்தொரு வருடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே கிரகம் இது. அடுத்த மாதம் ஓய்வு.)

3

நாம் நிற்கும் பூமியும் ஓடுகிறது. அந்த ஓட்டத்தைக் கழித்தால்தான் நட்சத்திரத்தின் ஆட்டம் தெரியும். கழிப்பதற்கு, நட்சத்திரம் இருக்கும் இடத்தைக் கணினியில் கொடுக்கவேண்டும். அறிவிப்புக்கு முதல் நாள் மதியம் லெனோரா அந்த வரியைத் தற்செயலாகப் பார்த்தாள். 29 இருக்கவேண்டிய இடத்தில் 24. அவளே தட்டியது. திருத்தி ஓட்டினாள். ஆட்டம் போயே போய்விட்டது.

வெண்டல் கேக்கோடு வந்தார்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? இதப் பாரு. கேக்குல நட்சத்திரம் வரையச் சொன்னா கடைக்காரன் பரங்கிக்காய் வரைஞ்சு குடுத்திருக்கான். கிரகத்துக்கு நானே ஒரு புளூபெர்ரிப் பழத்த வச்சு ஒப்பேத்திட்டேன்."

"வெண்டல்…"

"நாளைக்கு எம் பொண்ணு வர்றா, சியாட்டில்லேர்ந்து. அப்பன் இத்தன வருஷம் என்னத்தக் கிழிச்சான்னு ஒருவழியா புரியப்போவுது!"

4

முதலில் எழுதிய முடிவில் லெனோரா வாயை மூடிக்கொண்டு கேக் தின்றாள். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. இரண்டாவதில் வேறு யாரோ நாலு மாதம் கழித்துத் தவறைக் கண்டுபிடித்து…

அதையும் அடித்துவிட்டேன். நடந்தது இதுதான்.

"நாம கண்டுபிடிச்சது பூமிய, வெண்டல். நம்ம பூமியேதான். நான்தான் நம்பரத் தப்பாப் போட்டேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார். கோடு நேராகக் கிடந்தது. கேக் வெட்ட எடுத்த கத்தியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

நான் கதவோரம் இருந்தேன். மணி போவது கேட்டது. மகள் எடுத்து, "அப்பா!" என்று கத்தியதும் கேட்டது. அதற்கு மேல் நிற்கத் துணிவில்லாமல் வெளியே ஓடிவந்துவிட்டேன். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவர் இடத்தில் நின்று நீங்கள் சொல்லுங்கள், மகள் போனில் காத்திருக்கிறாள்.