காகித வண்டிக்குச் சாவி

பன்னிரண்டு வருஷமாக ஹா ஸாங் மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் பின்சீட்டில் ஆளேற்றி ஓட்டுகிறேன். பன்றி ஏற்றியிருக்கிறேன். டெட் புத்தாண்டுப் பண்டிகைக்கு என்னைவிட உயரமான ஆரஞ்சு மரம் ஏற்றியிருக்கிறேன். வளைவுக்கு வளைவு அம்மாவைக் கூப்பிட்ட நூற்றிப்பத்து கிலோ ஜெர்மன்காரரையும் ஏற்றியிருக்கிறேன். மோட்டார் சைக்கிள் மேல் மோட்டார் சைக்கிளை ஏற்றியதில்லை. சவாரிக்கு வந்த தோவா பெரியம்மா அந்தக் குறையையும் தீர்த்து வைத்தார்.

தாய் பிங் ஊர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அதை இடுப்பில் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். மூங்கில் சட்டம், சிவப்பு ஜிகினாத் தாள், நிஜ வண்டியில் பாதி அளவு. செத்தவர்களுக்கு எரித்து அனுப்புகிற காகித வண்டி. நாங்களும்தான் எரிக்கிறோம். என் அப்பாவுக்குப் போன வருஷம் காகிதத்தில் குளிர்சாதனப் பெட்டி அனுப்பினேன். ஆனால் எல்லாரும் வீட்டு வாசலில் எரித்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். நானூறு கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு அலைய மாட்டார்கள்.

"வீட்டுலயே எரிச்சா போய்ச் சேராதா பெரியம்மா?" என்றேன், கயிற்றை இழுத்துக் கட்டியபடி.

"ரெண்டு தடவை எரிச்சாச்சு தம்பி. முதல் வண்டி அனுப்பின வாரமே என் வீட்டுக்காரர் கனவுல வந்து நின்னாரு. பக்கக் கண்ணாடி இல்ல, பின்னால வர்ற லாரி தெரியலைன்னாரு. கண்ணாடி வெச்சு இன்னொண்ணு அனுப்பினேன். மறுபடியும் வந்தாரு. ஹெல்மெட் எங்கன்னாரு."

"ஹெல்மெட்டும் அனுப்பினீங்களா?"

"அனுப்பாம இருப்பேனா? இப்ப வழி தெரியலையாம். எங்க ஊர் வயலையே சுத்திச் சுத்தி வர்றாராம். உசுரோட இருந்தப்பவே யாரையும் வழி கேக்க மாட்டாரு. அதான் மா பி லெங் கணவாயிலயே எரிச்சுடறேன். அங்கயே ஏறி ஓட்டிக்கட்டும். நாளைக்கு முதல் வருஷத் திதி. மதியத்துக்குள்ள கொண்டு போய்ச் சேத்துடு."

பெரியவர் பெயர் லுயென். முப்பது வருஷம் பாசனப் பம்பு நிலையத்தில் எஞ்சின் மெக்கானிக். ஒரு மேடு கூட இல்லாத ஊரில் பிறந்து, மலையில் வண்டி ஓட்ட வேண்டும் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். இதைச் சொல்லும்போது பெரியம்மா நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். அப்புறம் ஒவ்வொரு வளைவிலும் தொட்டார். கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வேகத்தைக் குறைத்தேன். நடுமலையில் மாரடைப்பு வந்தால் யார் பதில் சொல்வது?

குவான் பா தாண்டியதும் மழை பிடித்தது. என்னிடம் இருந்தது ஒரே மழைக்கோட்டு. பெரியம்மா அதை வாங்கினார், பிரித்தார், காகித வண்டிக்குப் போர்த்தினார்.

"நான் நனையறேனே?"

"நீ காய்ஞ்சுடுவே தம்பி. அது காயுமா?"

நியாயம்தான். எரிச்சலாக வந்தது, ஆனால் நியாயம்தான்.

யென் மின் ஊருக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். வயசு இருபத்தைந்து இருக்கும், சட்டையில் கஞ்சி மொடமொடத்தது. பின்னால் கட்டியதன் அகலத்தைக் கையால் அளந்தார்.

"இது என்ன சரக்கு?"

"சரக்கு இல்ல சார், வண்டி" என்றேன்.

"வண்டின்னா பேப்பர் இருக்கா?"

விளையாட்டுக்குக் கேட்டாரா, வாய் பழக்கமா, தெரியவில்லை. பெரியம்மா பையைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். பதிவுப் புத்தகம், இன்சூரன்ஸ், பெரியவர் படம் ஒட்டிய லைசென்ஸ். எல்லாம் திதிச் சாமான் கடையில் அச்சடித்து விற்பதுதான். முத்திரையில் எமலோகத்து ஆபீஸ் பெயர் இருந்தது. போலீஸ்காரர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவர் முகம் மாறியது.

"பாட்டி, இது சின்ன வண்டி லைசென்ஸ். டேங்குல என்ன போட்டிருக்கு பாருங்க. முன்னூறு சி.சி. இதை வெச்சு அதை ஓட்டக்கூடாது."

"ஐயையோ! கடைக்காரன் ஏமாத்திட்டானே!"

"அங்க பிடிச்சா வண்டியைப் பிடுங்கி வெச்சுக்குவாங்க."

பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு கிழவியை இந்தப் பாடா படுத்துவது? வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, லைசென்ஸில் இருந்ததை அடித்து, 'எல்லா வண்டியும்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

"யாராவது கேட்டா என் பேரைச் சொல்லச் சொல்லுங்க பாட்டி. எங்க தாத்தா அங்கதான் இருக்காரு. அவரும் டிராபிக்தான்."

ராத்திரி தங்கிய விடுதியில் வேறு கூத்து. எரிக்கிற சாமானை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று விடுதிக்கார அக்கா வாசலிலேயே மறித்துக்கொண்டாள். சரி, வண்டிதானே என்று கொட்டகையில் வாடகை வண்டிகளோடு நிறுத்தினோம். காலையில் போய்ப் பார்த்தால், எல்லா வண்டி சீட்டிலும் சாக்பீஸால் நம்பர் எழுதுகிற வழக்கத்தில் இதன் சீட்டிலும் எழுதியிருந்தாள். இருபத்தேழு.

"துடைச்சா தாள் கிழியும். காலாகாலத்துக்கும் என் வீட்டுக்காரர் இருபத்தேழுன்னு போட்டுக்கிட்டா ஊர் சுத்தணும்?" என்றார் பெரியம்மா.

"டோக்கன் தர்றேன்மா. தொலைச்சா எனக்குத் தெரியாது" என்றாள் அக்கா, சிரிக்காமல்.

டோங் வானில் டீ குடிக்க நிறுத்தியபோது பெரியம்மா மறுபடியும் நெஞ்சைத் தொட்டார். இனி பொறுக்க முடியாது என்று கேட்டேவிட்டேன்.

"பெரியம்மா, மாத்திரை ஏதாவது போடணுமா?"

அவர் கழுத்துக் கயிற்றை வெளியே இழுத்தார். நுனியில் ஒரு துருப்பிடித்த சாவி தொங்கியது.

"அவரோட வண்டிச் சாவி. மூணு வருஷம் முன்னால மூட்டை கட்டிக்கிட்டு இங்க கிளம்பினாரு. அறுபத்தாறு வயசுல மலையில உருண்டு செத்துடுவாரோன்னு எனக்குப் பயம். சாவியை எடுத்து அரிசிப் பானையில போட்டுட்டேன். நான் பாக்கலைன்னு சத்தியம் பண்ணினேன். மூணு நாள் தேடினாரு தம்பி. குளத்துல விழுந்திருக்கும்னு குளத்தையே இறைச்சாரு. மீனெல்லாம் பிடிச்சு ஊருக்குக் குடுத்துட்டு, சரி விடு, விதி இல்லைன்னு உக்காந்துட்டாரு. கடைசியில வீட்டுக் கட்டில்லதான் போனாரு."

"கனவுல இதைக் கேக்கலையா?"

"அதான் தம்பி என்னைத் தின்னுது. கண்ணாடி கேக்கறாரு, ஹெல்மெட் கேக்கறாரு, சாவியை மட்டும் கேக்க மாட்டேங்கறாரு. தெரிஞ்சும் கேக்கலையா, தெரியாமலேயே செத்தாரா? இன்னிக்கு இதை வண்டியிலயே கட்டி எரிச்சு, நான்தான் எடுத்தேன்னு சொல்லிடப் போறேன்."

"என்ன வண்டி அது?" என்று கேட்டேன்.

"பழைய ரஷ்ய வண்டி. கழுதை மாதிரி கத்தும்."

எனக்குள் ஏதோ உறைத்தது. சொல்லி அவரைக் குழப்புவானேன் என்று டீயைக் குடித்தேன்.

மா பி லெங் உச்சிக்குப் போனபோது மணி பத்து. கீழே ஞோ க்வே ஆறு பச்சையாகக் கிடந்தது. வெயில் அடித்தது. அதைவிடக் காற்று அடித்தது. நான் குந்தி உட்கார்ந்து லைட்டரைத் தட்டத் தட்ட அணைந்தது. பெரியம்மா காகித வண்டியைத் தடுப்புச் சுவர் ஓரம் வைத்துவிட்டு, சாவியைக் கழற்றக் கயிற்று முடிச்சோடு மல்லுக்கட்டினார்.

"கடிச்சு அவிழு தம்பி, நகம் நுழையல."

நான் எழுந்து அவர் பக்கம் திரும்பியதுதான் தாமதம். காகித வண்டி கிளம்பிவிட்டது. முதலில் சுவர் மேல் ஏறியது. ஏறி ஒரு கணம் நின்றது, இடம் வலம் பார்ப்பது போல. அப்புறம் பாய்ந்தது. சக்கரம் இரண்டும் சுழல, பாதையின் வளைவையே ஆகாயத்திலும் ஒடித்து ஒடித்து, ஒரு பாறையைச் சுற்றி, பள்ளத்தில் இறங்கி மறைந்தது. இருபத்தேழு கடைசி வரை தெரிந்தது.

நான் லைட்டரும் கையுமாக நின்றேன். என் கவனக்குறைவால் ஒரு மனுஷனின் திதி கெட்டுப்போனதே என்று நிஜமாகவே நெஞ்சு வலித்தது.

"மன்னிச்சுடுங்க பெரியம்மா. எரிக்கவும் இல்ல, சாவியும் போகல."

அவர் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவி கழுத்தில் ஆடியது.

"சாவி இல்லாம எப்படிடா கிளப்பினாரு?"

இனி மறைத்து என்ன பயன்? "பெரியம்மா, அந்தப் பழைய ரஷ்ய வண்டிக்குச் சாவியே வேண்டாம். ரெண்டு கம்பியை ஒட்டவெச்சு ஒரு உதை விட்டா கிளம்பிடும். எனக்கே அரை நிமிஷ வேலை."

"அது... அவருக்குத் தெரியுமா?"

"முப்பது வருஷம் எஞ்சின் பாத்த மனுஷன் பெரியம்மா."

அவர் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவும்தான் செய்தார், ஆனால் திட்டிக்கொண்டே.

"பாவி மனுஷா! தெரிஞ்சுதான் இருந்தியா? நான் பயப்படறேன்னு போகாம இருந்துட்டு, எனக்காக மூணு நாள் தேடற மாதிரி நடிச்சியா? குளத்தை எதுக்குய்யா இறைச்சே? என்னோட கெண்டை மீனெல்லாம் போச்சே!"

அந்தப் பக்கமாக வந்த வெள்ளைக்காரர்கள் வண்டியை நிறுத்தி எங்களைப் படம் எடுத்தார்கள். நான் முறைத்ததும் போய்விட்டார்கள்.

பெரியம்மா மூக்கைச் சிந்தினார். கயிற்றை மறுபடியும் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். என் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார்.

"பக்கத்துல எங்கயாவது ரூம் எடு தம்பி."

"இப்பவா? மணி பத்துதானே பெரியம்மா? சாப்பிட வேண்டாமா?"

"சாப்பாடெல்லாம் அப்புறம். எனக்கு இப்பவே தூங்கணும். அந்த ஆளைக் கேக்காம விடமாட்டேன்."