எதிர்வீட்டுக் கறுப்பு ரிப்பன்

அமெரிக்காவின் பார்சிப்பனியில் வீடு வாங்கிய ஸ்வர்ணாவுக்கு வைகாசி முடிவதற்குள் கிரகப்பிரவேசம் நடந்தாக வேண்டும். ஆனி பிறந்துவிட்டால் கூடாது என்று சாஸ்திரிகள் கையை விரித்துவிட்டார். மிஞ்சியது கடைசி சனிக்கிழமைதான், ஜூன் பதினான்கு. பசுவுக்கு வழியில்லை என்பதால் வெள்ளியில் விரலளவு பசு வந்தது. ஹோமப் புகையில் அலாரம் அலறாமலிருக்க, கணவன் முகிலன் முதல் நாளே பேட்டரிகளைக் கழற்றி வைத்தான்.

காலையில் வாசற்கதவைத் திறந்தவளுக்குச் சுருக்கென்றது. எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு கொடி. அடர்சிவப்பு, நடுவில் வெள்ளைப் பட்டை. அதன் கம்பு நுனியில் நீளமாக ஒரு கறுப்பு ரிப்பன்.

"விடு ஸ்வர்ணா, அவங்க வீடு," என்றான் முகிலன்.

"நல்ல நாளும் அதுவுமா, கதவைத் தொறந்தா கறுப்புதானே மூஞ்சில அடிக்குது? நான் போய் பொலைட்டா கேக்கறேன்."

ஸ்வர்ணா பொலைட்டாகக் கேட்டு யாரும் மறுத்ததில்லை. அலுவலகத்தில் அவளுக்குப் புரமோஷன் கொடுத்ததே அதற்காகத்தான்.

எதிர்வீட்டில் தனியாக இருப்பவர் மிர்ட்ஸா. லாட்வியாவில் பிறந்தவர், எண்பத்தெட்டு வயது. ஸ்வர்ணா சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில், "எங்கள் கலாசாரத்தில்..." என்று ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பித்துவிட்டால் அமெரிக்காவில் எதிர்ப்பேச்சு கிடையாது. மிர்ட்ஸா கொடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"உங்கள் நல்ல நாளைக் கெடுக்க வேண்டாம்," என்று சொல்லி, உள்ளே போய் ஒரு ஸ்டூலை இழுத்து வந்தார். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதென்று ஸ்வர்ணா திரும்பி நடந்தாள். அந்த வயதில் ஒருவர் ஸ்டூலில் ஏறப்போகிறாரே என்று பிடித்துக்கொள்ளக்கூட நிற்கவில்லை.

ஹோமம் அமர்க்களமாக முடிந்தது. பால் பொங்கியது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது மிர்ட்ஸா வாசலில் வந்து நின்றார். கையில் கறுப்பாக ஒரு ரொட்டி, சின்னக் கிண்ணத்தில் உப்பு.

"புது வீட்டுக்கு எங்கள் ஊரில் இதைத்தான் கொண்டுபோவோம்," என்றார்.

ஸ்வர்ணாவின் மகள் வெண்பாவுக்கு வயது பதினொன்று, மனதில் பட்டதைக் கேட்டுவிடுவாள். "வாட் ஃப்ளாக் வாஸ் தட்? வொய் டிட் யூ டேக் இட் டவுன்?" என்றாள்.

பந்தி உள்ளே நடக்க, மிர்ட்ஸா வாசல் நாற்காலியிலேயே உட்கார்ந்து மெல்லச் சொன்னார். சோவியத் படை லாட்வியாவைப் பிடித்த மறு வருடம், இதே ஜூன் பதினான்காம் தேதி, சிப்பாய்கள் வீடு வீடாக வந்து ஆயிரக்கணக்கானவர்களை ரயிலில் ஏற்றி சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். அவருடைய அப்பா, அம்மா, கைக்குழந்தையான தம்பி எல்லோரும் போனார்கள். அம்மை போட்டதென்று சித்தி வீட்டில் விட்டிருந்ததால் நான்கு வயது மிர்ட்ஸா மட்டும் தப்பினார். போர் முடியுமுன் சித்தி அவரைத் தூக்கிக்கொண்டு ஜெர்மனிக்கு ஓடினாள். அங்கே அகதி முகாமில் அவள் தைத்த கொடிதான் அது.

"சோவியத் ஆட்சியில் எங்கள் ஊரில் இந்தக் கொடியை வெளியே எடுத்தால் சிறை. ஐம்பது வருடம் அப்படித்தான் இருந்தது. பிறகு சுதந்திரம் வந்தது, நாடு திரும்பக் கிடைத்தது. என் வீட்டு ஆட்கள் கிடைக்கவில்லை. கல்லறைகூட இல்லை. அதனால் வருடத்தில் இந்த ஒரு நாள் ரிப்பன் கட்டுவேன்." பிறகு வெண்பாவைப் பார்த்துச் சிரித்தார். "அமெரிக்காவில் யாரும் எடுக்கச் சொன்னதில்லை. உன் அம்மா ரொம்ப மரியாதையாகக் கேட்டார்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தாலாவது ஸ்வர்ணா பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாள். அவளுக்கு வெட்கத்தில் காது மடல் எரிந்தது. மூன்று பேருக்குக் கல்லறையாக இருந்ததை அவள் சகுனம் பார்த்து இறக்க வைத்திருக்கிறாள்.

"ப்ளீஸ், இப்போதே திரும்பக் கட்டிவிடலாம்," என்றாள்.

"இன்னொரு முறை ஸ்டூலில் ஏற என்னால் முடியாது."

"நான் ஏறுகிறேன்."

மடிசாரோடு தெருவைக் கடந்து ஸ்டூலில் ஏறினாள். மிர்ட்ஸா கொடியை எடுத்துக் கொடுத்தார். அதைக் கம்பத்தில் செருகி, நுனியில் ரிப்பனை இறுகக் கட்டினாள் ஸ்வர்ணா. "மன்னித்துவிடுங்கள்," என்றாள். மிர்ட்ஸா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிர்ட்ஸாவோடு திரும்பி வந்தபோது, எடிசன் ஊரிலிருந்து தாமதமாக வந்த ராமசுப்ரமணியன் அங்கிள் காரைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, கிரகப்பிரவேசத்தன்னிக்கு எதிர்ல கறுப்பைக் கட்டி வெச்சிருக்கா? யார் பண்ணின வேலை?"

"நான்தான் அங்கிள் கட்டினேன்."

"நீயா!" என்றவர், மிர்ட்ஸாவின் கதையைக் கேட்டபின், "உனக்கு ரொம்பப் பெரிய மனசும்மா," என்று எல்லோர் முன்னிலையிலும் புகழ்ந்தார். அதையே மிர்ட்ஸாவிடம் ஆங்கிலத்திலும் சொன்னார். பந்தியில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

காலையில் அதை அவிழ்க்கச் சொன்னதும் தான்தான் என்று சொல்ல ஸ்வர்ணாவுக்கு வாய் வரவில்லை. எல்லாம் தெரிந்த மிர்ட்ஸாவும் சொல்லவில்லை.