கதவைச் சாத்தாத ஆய்வாளர்

பகலவனுக்கு முனைவர் பட்டம் இருந்தது. ஒரு கதவைச் சாத்தத் தெரியவில்லை.

தஞ்சாவூரில் இருக்கும் எங்கள் ஆய்வு மையம் மூன்றாண்டுக்கு ஒருமுறை டெல்டாவில் அதே வீடுகளுக்குப் போகிறது. யார் வெளிநாடு போனார்கள், எப்படித் திரும்பினார்கள் என்று கேட்கிறது. பதில்களிலிருந்து பெயரை எடுத்துவிட்டு எங்கள் கணினியிலேயே பூட்டி வைக்கிறோம். ஆய்வாளர்கள் தங்கள் ஊரிலிருந்தே இணையம் வழியாக வந்து பார்க்கலாம். என் ஒப்புதல் இல்லாமல் எதையும் எடுத்துப்போக முடியாது. பதிவு செய்த அறையில், தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும். இதைக் கண்காணிப்பது என் வேலை.

பகலவன் சென்னைக்காரர். ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். படித்தாரா என்பது வேறு விஷயம். கீழ்வேளூர் தாலுகாவைத் தேர்ந்தெடுத்த காரணத்தை இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அது அவர் மாமனார் ஊர் என்பது மட்டும் அதில் இல்லை.

தை மாதம் ஒரு காலை என் திரையில் எச்சரிக்கை வந்தது. அவர் நுழைந்திருந்தது திருக்கடையூரிலிருந்து. மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். இவர் லாட்ஜ் அறையில் ஆராய்ச்சி. போன் போட்டேன்.

"ஒரு பத்து நிமிஷங்க. ஹோமம் முடியறதுக்குள்ள பார்த்துட்டு மூடிடறேன்."

"ரூம்ல வேற யாரு இருக்கா?"

"எல்லாம் சொந்தக்காரங்கதாங்க. வெளியாளு யாரும் இல்ல."

இந்தப் பதிலை ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன். வெளியாளுக்குத் தெரிந்தால் என்ன கெட்டுவிடப் போகிறது? இந்த ஊரில் எல்லோரும் ஒளித்து வைப்பதே சொந்தக்காரர்களிடமிருந்துதான்.

பதிவுகள் தமிழிலேயே இருப்பது எங்கள் மையத்தின் பெருமை. அவருடைய சின்ன மாமியார் ஆனந்தவல்லிக்கு அன்று அது வசதியாகப் போயிற்று. நான் இணைப்பைத் துண்டிப்பதற்குள் அந்த அம்மாள் திரையைப் படிப்பது போனில் கேட்டது.

"நாப்பத்தோரு வயசு, குவைத்துல வீட்டு வேல, எட்டு மாசம் ஜெயிலு, ஒரே பொண்ணு நர்சிங் படிக்குது. மாப்ளே, இது எங்க தெரு அம்சம்ல?"

அம்சம்தான். போன சுற்றில் அந்தப் பதிலை அவள் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டவளே நான். அடித்த முதலாளி வீட்டிலிருந்து தப்பி ஓடியதற்காகச் சிறையில் இருந்ததை, புருஷன் வைரக்கண்ணுவுக்கு அடுத்தபடியாக என்னிடம்தான் சொன்னாள். ஊருக்குச் சொன்னது ஆஸ்பத்திரி வேலை என்று. "பொண்ணுக்கு ஒரு நல்லது நடக்கணும்மா. வெளிய வந்துடாதுல்ல?" என்று கேட்டாள். வராதுக்கா என்றேன்.

அம்சத்தின் மகளுக்கு மாசியில் நிச்சயம் என்று நாள் குறித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள்.

பகலவனுக்கு ஓராண்டுத் தடை. அவர் அனுப்பிய விளக்கத்தில் "பெயர் எதுவும் வெளியாகவில்லை" என்று நான்கு இடத்தில் இருந்தது. வருத்தம் ஓர் இடத்தில்கூட இல்லை. இவ்வளவு துணிச்சலுக்கும் படிப்பு வேண்டும் போலிருக்கிறது. எங்கள் மையமும் லேசுப்பட்டதல்ல. ஓராண்டு முடிந்த மறுநாளே அவரை உள்ளே விட்டது.

நான் அம்சத்தைப் போய்ப் பார்த்தேன். "ஒன்ன நம்பித்தானம்மா சொன்னேன்," என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது.

அடுத்த சுற்றில் புதிய பெண்ணொருத்தி அந்தத் தெருவுக்குக் கேள்வித்தாளோடு போனாள். அம்சம், தான் வெளிநாடே போனதில்லை என்றாள். பக்கத்து வீட்டிலும் அதே பதில். போய்வந்த பெண்கள் நிறைந்த தெருவில் ஒருத்தியும் போனதில்லை.

பகலவன் அதை வைத்துக் கட்டுரை எழுதினார். கீழ்வேளூர்ப் பெண்கள் வளைகுடா போவது அநேகமாக நின்றுவிட்டதாம். உள்ளூரிலேயே வாழ்க்கை உயர்ந்துவிட்டதாம். அவருடைய அட்டவணை வெளியே போக என் ஒப்புதல் வேண்டும். யாரையாவது காட்டிக்கொடுக்கும் ஒன்று, இரண்டு போன்ற சின்ன எண் இருக்கிறதா என்று விதிப்படி ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். அந்தத் தெருவுக்கு எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம்தான் இருந்தது. யாருக்கும் ஆபத்தில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.