தினைத் தலையணை

என் மகளின் வலது காது நடக்க ஆரம்பித்திருந்தது.

விளையாட்டில்லை. குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்த விருந்தன்று காலை, குளிப்பாட்டும்போது உச்சந்தலைக்கு நேர் மேலேயிருந்து பார்த்தேன். இடது காது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. வலது காது அரை விரல் முன்னால் வந்து நின்றது. பின்மண்டையின் வலப்பக்கம் யாரோ இழைப்புளி போட்ட மாதிரி தட்டை.

"அக்கா! இங்க வாங்க, சீக்கிரம்!"

ஷூச்சின் அக்கா ஓடி வந்தாள். என் கணவன் ஹோங்போவின் அக்கா. தாயில்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவள். எனக்குப் பிரசவமானதும் வடகிழக்குச் சீனாவில், ஷென்யாங்கிலிருந்த எங்கள் ஃப்ளாட்டுக்கு இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கி, "ஒரு மாசம் நீ கட்டிலை விட்டு எறங்கக் கூடாது, குழந்தை என் பொறுப்பு" என்று உத்தரவு போட்டவள். நான் தினைக்கஞ்சியும் முட்டையும் தின்றுகொண்டு படுத்துக் கிடந்த அந்த மாதம் முழுக்க, என் மகள் தாங்தாங், அக்காவின் அறையில்தான் தூங்கினாள்.

அக்கா குழந்தையின் பின்மண்டையைத் தடவினாள். முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"அடடா, பலகை மாதிரி வந்திருக்கு பாரு! இன்னிக்கு விருந்துக்கு வர்றவங்க கண்ணு வைக்கப் போறாங்க!"

"கோணலா இருக்கு அக்கா."

"பாதி வேலைதானே ஆகியிருக்கு? இன்னொரு பக்கமும் அமுங்கிட்டா சரியாப் போயிடும். தினை அடைச்ச தலையணைன்னா சும்மாவா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டை தானாக வரவில்லை. வரவழைத்திருக்கிறார்கள்.

இந்த வடகிழக்குக்காரர்களுக்குப் பின்மண்டை சுவர் மாதிரி இருக்க வேண்டும். அப்போதுதான் முகம் அகலமாகத் தெரியுமாம், தொப்பி நிற்குமாம். நான் தெற்கே, மிளகாய் தின்னும் சிச்சுவான்காரி. எங்கள் பக்கத்தில் குழந்தையின் தலை தட்டையாகிவிட்டால் தாய்க்காரி தெருவில் தலைகாட்ட முடியாது.

விருந்து முடிந்த மறுநாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா தலையைச் சுற்றி அளந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"கெட்டியான தலையணையில ஒரே பக்கமா படுக்க வெச்சிருக்கீங்க. முதல்ல அதைத் தூக்கிப் போடுங்க. தூங்குறப்போ மல்லாக்கத்தான், தலைக்கு ஒண்ணும் வேண்டாம். முழிச்சிருக்கிறப்போ பக்கத்துலயே இருந்து குப்புறப் போடுங்க, தோள்ல தூக்குங்க, முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்க விடுங்க. நூறாம் நாள் விருந்துக்கு முன்னாடி வந்து காட்டுங்க."

"குறையலேன்னா?"

"தலைக்கவசம் போடணும். குளிக்கிற நேரம் தவிர ராத்திரி பகல் மாட்டியே இருக்கணும். மாசக்கணக்குல."

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தலையணையை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் போட்டேன். உள்ளே தினை சரசரவென்று ஓடியது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"டாக்டரம்மா எந்த ஊரு?"

"தெரியாது அக்கா."

"தெக்கத்திக்காரியாத்தான் இருப்பா. ஹோங்போ தலையைப் பாரு. எட்டுத் தெரு தள்ளி நின்னாலும் நம்ம ஊரு ஆம்பளைன்னு தெரியும். நான் செஞ்ச தலை!"

"சுவத்துல சாய்ஞ்சா காத்துகூட நுழையாது. தெரியும்."

"மிளகாய் தின்னு தின்னு வாய் எப்படி ஆயிருக்கு பாரு இவளுக்கு!"

ஆனால் அதற்கு மேல் சண்டை போடவில்லை. "உன் குழந்தை, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். ஷூச்சின் அக்கா அவ்வளவு சீக்கிரம் தோற்பவள் இல்லை. நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் செய்தேன். விரிப்பில் குப்புறப் போட்டு, எதிரே நானும் குப்புறப் படுத்துக்கொண்டு கிலுகிலுப்பை ஆட்டினேன். முதலில் மூக்கை விரிப்பில் தேய்த்து அழுதாள். பிறகு ஆமைக்குட்டி மாதிரி தலையைத் தூக்க ஆரம்பித்தாள். ஹோங்போ வேலைக்குப் போகுமுன் தோளில் போட்டுக்கொண்டு பால்கனி வரை நடந்தான். மத்தியானம் மட்டும் அக்கா குழந்தையை வாங்கிக்கொள்வாள்.

"நீ ஒரு கண் அசந்துக்கோ. நான் தூங்க வெக்கிறேன்."

நன்றியோடு தூங்கினேன். எப்பேர்ப்பட்ட முட்டாள்!

நூறாம் நாளுக்கு முந்தைய வாரம் டாக்டரம்மா மறுபடி அளந்தார். மறுபடி உதட்டைப் பிதுக்கினார்.

"குறையல. கொஞ்சம் கூடியிருக்கு. நான் சொன்னதைச் செய்யவே இல்லையா நீங்க?"

"செஞ்சேன் டாக்டர்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. இன்னும் ஒரு மாசம் தர்றேன். அப்புறம் கவசத்துக்கு அளவெடுக்கிறதைத் தவிர வேற வழி இல்ல."

பஸ்ஸில் வரும்போது அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. என்னைப் பொய்க்காரி ஆக்கியது யார்?

பதில் அன்று சாயங்காலம் குழந்தையைக் குளிப்பாட்டும்போது கிடைத்தது. தாங்தாங்கின் கழுத்து மடிப்பில், பால் பிசுக்கோடு ஒட்டிக்கொண்டு, ஒரே ஒரு மஞ்சள் மணி.

தினை.

அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டு காலி.

மறுநாள் மத்தியானம் கொட்டாவி விட்டுக் காட்டி, குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். குறட்டைகூட விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வெறுங்காலோடு நடந்து போய் அவள் அறைக் கதவைத் தள்ளினேன்.

டிவி ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் என் மகள். தலைக்குக் கீழே அந்தத் தலையணை. கை அசையாமல் துணியால் சுற்றிக் கட்டியிருந்தது. தலை திரும்பாமல் இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்திருந்தது.

கட்டை அவிழ்த்தேன். குழந்தையைத் தூக்கினேன். தலையணையை உருவி அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

"ஏய், அதை வெச்சுட்டுப் போ!" அக்கா எழுந்தாள். மடியிலிருந்த விதைத் தோலெல்லாம் தரையில் கொட்டியது. "உனக்கு இப்ப புரியாதுடி. நாளைக்கு அவ பெரிய பொண்ணாகி, 'எங்க அத்தையாலதான் நான் அழகா இருக்கேன்'னு சொல்றப்போ புரியும்!"

"அவளுக்கு இப்பவே ஒரு காது முன்னாடி நிக்குது!"

"முடி வளந்தா மறைஞ்சிடும்!"

"அப்போ தட்டை எதுக்கு? அதுவும் முடிக்குள்ளதானே இருக்கப் போகுது?"

அக்கா ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் ஹோங்போ எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து, மத்தியஸ்தம் செய்கிறேன் என்று குழைந்தான்.

"அக்கா நல்லதுக்குத்தானே செய்யுது... யீலிங் சொல்றதும் சரிதான்... எனக்கும் இப்படித்தான் பண்ணாங்க, நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"முட்டுத் துண்டு உனக்கும் வெச்சாங்களா?" என்றேன்.

"எனக்கெப்படி ஞாபகம் இருக்கும்?"

"அவளுக்கும் இருக்காது. அதனாலதான் நான் பேசறேன்."

அக்கா சாப்பாட்டுக் குச்சியை மேசையில் வைத்தாள். "நூறாம் நாள் விருந்துக்கு நம்ம ஆளுங்க எல்லாரும் வர்றாங்க. அவங்க முன்னாடி அந்தத் தலையணையை நான் கேப்பேன். குடுக்க முடியாதுன்னு அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிப் பாரு."

"சரி அக்கா. அன்னிக்குப் பேசலாம்."

விருந்தன்று விடிந்ததும் சமையலறையைப் பிடித்துக்கொண்டேன். புளித்த முட்டைக்கோஸும் பன்றியிறைச்சியும் அக்கா முன்தினமே வேகவைத்திருந்தாள். கொழுக்கட்டைகளை உறவுக்காரப் பெண்கள் வந்து பிடித்தார்கள். "கஞ்சி மட்டும் என் பொறுப்பு" என்றேன். யாரும் கவனிக்கவில்லை.

மதியம் வீடு நிறைந்துவிட்டது. சித்தப்பாக்கள் ஒரு பக்கம் சாராயம் ஊற்றிக்கொண்டார்கள். ஹோங்போவின் மூன்றாவது அத்தை, பல் கட்டிய, சத்தமாகச் சிரிக்கிற கிழவி, நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். இலந்தைப்பழம் மிதக்க, மேலே எண்ணெய் மாதிரி ஆடை படர்ந்து மினுங்கும் தினைக்கஞ்சியைக் கிண்ணம் கிண்ணமாக வைத்தேன். மூன்றாவது அத்தை ஒரு வாய் உறிஞ்சினாள். கண்ணை மூடினாள்.

"ஆஹா! இது எந்தத் தினை? கடையில இப்படிக் கெடைக்காதே!"

"ஜியான்பிங் ஊர்த் தினை அத்தை," அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நானே ஆள் சொல்லி வரவழைச்சேன். மணி மணியா பொறுக்கினது. நம்ம வீட்ல அதான்."

"குடுத்து வெச்சவ யீலிங், இப்படி ஒரு நாத்தனார் கெடைக்க!"

"ஆமாம் அத்தை," என்றேன். "மூணு தண்ணி கழுவினேன். அக்கா அதைத் தலையணைக்குள்ள போட்டுத் தெச்சிருந்தாங்க."

சமையலுக்குக் கட்டியிருந்த இடுப்புத் துணியிலிருந்து எடுத்து மேசை நடுவில் வைத்தேன். புலித்தலை தைத்த சிவப்பு உறை. வயிறு ஒட்டிக் கிடந்தது.

ஒரு சித்தப்பா வாயிலிருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று திணறினார்.

"குழந்தையோட தலையணையையா காய்ச்சினே?" அக்காவின் குரல் கீச்சிட்டது. "அவ எச்சில் பட்டதை!"

மூன்றாவது அத்தைக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. கட்டிய பல் கழன்று விழாமல் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"குழந்தை எச்சில்தானே, தேன்! அடியே அகப்பை, உன்னை நல்லா மடக்கிட்டாடீ இவ!"

அகப்பை என்ற சொல் விழுந்ததும் அக்காவின் கை தானாகப் பின்மண்டைக்குப் போனது. எப்போதும் சுருள் சுருளாகத் தூக்கிவிட்ட முடி. அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

"உனக்குத் தெரியாதா?" மூன்றாவது அத்தை என்னைப் பார்த்தாள். "இவங்கம்மா ஆலைக்குப் போயிடுவா. பாக்க ஆளில்லாம இவ ஒருக்களிச்சே கெடந்தா. மண்டை பின்னாடி நீட்டிக்கிச்சு. பள்ளிக்கூடத்துல எல்லாப் பயலும், 'அகப்பை, ஒரு கரண்டி குழம்பு ஊத்து'ன்னு கத்துவானுங்க."

"சிரிங்க," என்றாள் அக்கா. "நல்லா சிரிங்க. பொண்ணு பாக்க வந்தவன் எனக்குப் பின்னாடி போய் நின்னு பார்த்தான். அத்தோட வரல. பள்ளிக்கூடத்துல அந்தப் பேரைக் கேட்டுக் கேட்டுத்தான், ஹோங்போ பொறந்தப்போ நான் அவன் தலைமாட்டை விட்டு நகரல. என் தம்பி பொண்ணை எவனும் அப்படிக் கூப்பிடக் கூடாது. அது தப்பா?"

எனக்கு மனசு இளகியது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இளகினதற்காக மகளின் தலையைத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா?

"அக்கா, உங்களைக் கூப்பிட்டவனுங்க வாயைத் தெச்சிருக்கணும். இவ தலையை இல்ல."

தரையில் மெத்தையை விரித்து தாங்தாங்கைக் குப்புறப் போட்டேன். "எல்லாரும் வாங்க. மேலேயிருந்து பாருங்க. காதைப் பாருங்க."

ஒவ்வொருவராக எழுந்து வந்து குனிந்தார்கள். சாராய நெடியோடு சித்தப்பா, "அட, ஆமாம்பா" என்றார். மூன்றாவது அத்தையின் சிரிப்பு நின்றது. கடைசியாக அக்கா வந்தாள். குனிந்தாள். இரண்டு சுட்டுவிரலை இரண்டு காதிலும் வைத்து அளந்தாள். விரல்கள் நேருக்கு நேர் நிற்கவில்லை. ஒருமுறை எடுத்து மறுபடி வைத்தாள். அப்போதும் நிற்கவில்லை.

"டாக்டர் ஒரு மாசம் குடுத்திருக்காங்க," என்றேன். "அந்த ஒரு மாசம் என்னோடது. மத்தியானத் தூக்கமும் என் அறையிலதான். நீங்க கூட இருக்கலாம், தூக்கலாம், கொஞ்சலாம். கட்டக் கூடாது."

அக்கா தம்பியைப் பார்த்தாள். "ஹோங்போ! உன் பொண்டாட்டி பேசறதைக் கேட்டியா?"

எல்லாத் தலையும் ஹோங்போ பக்கம் திரும்பியது. அவன் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்தான். மெத்தையில் கிடந்த மகளைப் பார்த்தான். கிண்ணத்தை வாயில் கவிழ்த்துக் கடைசி மணி வரை வழித்துக் குடித்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஒரு கரண்டி கூடவே ஊற்றினேன்.

அக்கா நிமிர்ந்தாள். மேசையில் கிடந்த புலித்தலை உறையை எடுத்து உதறினாள். உள்ளேயிருந்து ஒரு மணி உருண்டு விழுந்தது. அதைப் பொறுக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஜியான்பிங்ல தினை இன்னும் தீர்ந்து போகலடி. தெரிஞ்சுக்கோ."

"கொண்டு வாங்க அக்கா," என்றேன். "பானையும் இன்னும் ஓட்டையாகல."