ரேணுகாம்பாளின் ஆட்சேபணை மனு

பிளஸ் டூ படிக்கும் ஷெர்வினுக்கு மீன் பிடிக்காது. இருந்தும் பதினாலு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் அஸ்தினாபுரம் மார்க்கெட்டில் ரேணுகாம்பாளிடம்தான் மீன் வாங்குகிறான். அம்மாவின் ஸ்கூட்டரை லைசென்ஸ் இல்லாமல் எடுத்துப் போய், கூடையோடு ரோட்டைக் கடந்த அவளை இடித்துத் தள்ளிவிட்டு ஓடி வந்த வீரன் அவன்தான். அவளுக்கு மணிக்கட்டு உடைந்தது; இடித்தவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

போலீஸ் மூன்று மாதம் தேடிவிட்டு, வண்டி யாருடையது என்று தெரியவில்லை, மேல் நடவடிக்கை இல்லை என்று கேஸை மூடியது. ரேணுகாம்பாள் விடவில்லை. மூடியது தப்பு, திரும்ப விசாரிக்கணும் என்று கோர்ட்டில் ஆட்சேபணை மனு போட்டாள். அன்றிலிருந்து வாய்தாதான். ஒரு தடவை ஜட்ஜ் லீவு, ஒரு தடவை வக்கீல்கள் வரவில்லை, இரண்டு தடவை ஸ்டேஷனிலிருந்து ஃபைல் வரவில்லை. அவள் சொல்லச் சொல்ல ஷெர்வின் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு உள்ளுக்குள் ஸ்தோத்திரம் சொல்வான்.

இந்தச் சனிக்கிழமை அவள் வேறு ஒன்று சொன்னாள்.

"தம்பி, நடந்தத பேப்பர்ல எழுதியாரச் சொல்லிக்கீறாரு வக்கீலு. எனக்குக் கை வளைய மாட்டேங்குது. நீ எழுதிக் குடு கண்ணு."

"நானாக்கா?"

"வேற யாரு கீறாங்க? வாராவாரம் கேஸு இன்னா ஆச்சுன்னு கேக்குறது நீ ஒருத்தன்தான்."

ராத்திரி ஒரு மணிக்குத் தன் கூடப்பிறந்த அக்கா ஜெரூஷாவை எழுப்பி எல்லாவற்றையும் கொட்டினான். அவள் செல்போன் வெளிச்சத்தில் அவன் எழுதியதைப் படித்தாள்.

"'அடையாளம் தெரியாத ஒரு கொடூரன்.' உன்னப் பத்தியா?"

"ஃப்ளோவுல வந்துடுச்சுக்கா."

"நல்லாதான் எழுதியிருக்க. எனக்கே அவன அறையணும் போல இருக்கு."

"போலீஸ் புடிச்சுடுமா?"

"இந்த வேகத்துல உனக்குக் கல்யாணமாகி புள்ளையே பொறந்துடும். அதுவரைக்கும் மீன் வாங்கிட்டே இருப்பியா?"

யாரும் தேடி வரப்போவதில்லை என்பது ஷெர்வினுக்கு அப்போதுதான் உறைத்தது. பிடித்துவிடுவார்கள் என்று நடுங்கிக்கொண்டே இருந்தால், தானாகப் போய்ச் சொல்லும் வேலை மிச்சம் என்று இத்தனை நாள் ஓட்டியிருக்கிறான்.

பேப்பரை வாங்கி 'அடையாளம் தெரியாத' என்பதை அடித்தான். மேலே தன் பெயரையும் ஸ்கூட்டர் நம்பரையும் எழுதினான்.

"அப்ப கொடூரனையும் அடிச்சிடவா?"

"அது இருக்கட்டும்," என்றாள் ஜெரூஷா. "போய் அம்மாவ எழுப்பு."