எண்ணெய் பட்டால் மாத்திரை ஆகாது

என் வீட்டுக்காரர் கலியபெருமாளுக்கு உப்பளம் இருக்கிறது, மீசை இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. முதல் இரண்டையும் ஊருக்கே காட்டுவார். மூன்றாவதைப் பற்றி நர்ஸ் சரண்யா பேசினால் மட்டும் காது கேட்காது.

மாத்திரையை விடக் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும் என்றாள் சரண்யா. அதோடு, சாயங்காலம் யாராவது எண்ணெய் தொட்டுப் பாதத்தை மெதுவாக அமுக்கிவிட்டால் உடம்பு தளர்ந்து கொஞ்சம் உதவும் என்றாள். மகாராஜாவுக்கு அந்தக் கடைசி விஷயம் மட்டும் மனப்பாடம் ஆகிவிட்டது. அந்த 'யாராவது' யாரென்று கேட்கவே வேண்டாம். பகல் முழுக்கப் பாத்தியில் உப்பு வாரிய என் கைதான்.

அதோடு விட்டாரா? காலில் எண்ணெய் பட்டால் எண்ணெய்க் குளியல் கணக்காம். வெந்நீர் வேண்டும், கோழிக் குழம்பு வேண்டும். அதில் உப்பைக் குறைத்தால் உப்பளக்காரனுக்குக் கௌரவக் குறைச்சலாம்.

"எண்ணெய் தேய்ச்ச அன்னிக்கு இங்கிலீஷ் மருந்து ஆகாதுடி. சூடு ஏறிடும்" என்றார்.

தினமும் எண்ணெய். ஆகவே தினமும் மாத்திரைக்கு லீவு. நான் கத்தியதெல்லாம் காற்றோடு போனது.

அடுத்த முறை பிரஷர் பார்த்த சரண்யாவுக்கு முகமே மாறிவிட்டது.

"அண்ணே, இருநூறைத் தொடுது. மாத்திரை போடுறீங்களா?"

"இவ சரியா அமுக்கலம்மா" என்று என்னைக் கைகாட்டினார் புண்ணியவான்.

"அமுக்குறது துணைக்குத்தாண்ணே. மாத்திரைய விட்டா பக்கவாதம் வந்துடும். இப்பவே டாக்டரைப் பாருங்க."

கையோடு அவரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். எவ்வளவு திட்டினாலும் எனக்கென்று இருப்பது இந்த ஒரு ஆள்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததும் வழக்கம்போலக் காலை நீட்டினார். நான் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடவில்லை.

"மாத்திரைய முழுங்கினாத்தான் கைய வைப்பேன்."

"எண்ணெயும் மாத்திரையும் ஒண்ணா..."

"அப்ப எண்ணெய் வேணாம். உங்க கால நீங்களே அமுக்கிக்கங்க."

முறைத்தார். முனகினார். பிறகு முழுங்கினார். பாதத்தைப் பிடித்தேன்.

"அந்தப் பொண்ணு சொன்னதுலேர்ந்து பயமா இருக்குது, மலரு" என்றார். "நான் படுத்துட்டா உன்ன யாரு பாத்துப்பா?"

கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினேன்.

"இன்னொரு காலையும் நீட்டுங்க" என்றேன்.